ஒரே பேனாவின் இரண்டு கையெழுத்துகள்

(நூலக வாசகர் வட்டத்தின் மாதக் கூட்டத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



என்னைப் பேச அழைத்த நண்பர், "குடிநீர்க் கட்டணம் ஏறிக்கொண்டே போகிறது, அதைப் பற்றிக் கொஞ்சம் சூடாகப் பேசுங்கள்" என்றார். சூடு எனக்கு வராது. முப்பது வருஷம் உள்ளாட்சி நிதித் தணிக்கைத் துறையில் குப்பை கொட்டியவள் நான். எங்கள் தொழிலில் கோபத்தைக்கூடப் பத்தி எண் போட்டுத்தான் எழுதுவோம். அதனால் உங்களுக்குக் கொஞ்சம் கணக்கும் கொஞ்சம் பழங்கதையும்தான் கிடைக்கும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். கட்டணம் ஏறுகிறது என்பதற்காக மட்டும் சண்டை போட நான் வரவில்லை. இங்கே உட்கார்ந்திருப்பவர்களில் கேன் தண்ணீர் வாங்காத வீடு எத்தனை இருக்கும்? இருபது லிட்டர் கேன் முப்பத்தைந்து ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். ஆயிரம் லிட்டருக்கு ஐம்பது கேன். 1,750 ரூபாய் ஆகிறது. கேன் போடும் பையன் வண்டியை நிறுத்தினதும் மறுபேச்சில்லாமல் எடுத்துக் கொடுக்கிறோம். அவனிடம் யாரும் விலை ஏன் ஏறியது என்று தர்ணா செய்ததில்லை. ஆக, ஜனங்கள் தண்ணீருக்குக் காசு கொடுக்க மறுக்கிறார்கள் என்று கோட்டையிலும் டெல்லியிலும் அடிக்கடி சொல்லப்படுவது சரியில்லை. கொடுக்கிறார்கள், நன்றாகவே கொடுக்கிறார்கள். நகராட்சி பில் கலெக்டர் வந்து நிற்கும்போது மட்டும் ஏன் முகம் சுளிக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. என் பதில் இது: கேன்காரனிடம் விலையைக் கேட்டால் பதில் வரும். நகராட்சியில் யாரிடம் கேட்பது என்றே தெரியாது.

உங்கள் ஊர் நகராட்சியின் கணக்கு ஒரே பெட்டியில் இருப்பதில்லை. தமிழ்நாட்டு நகராட்சிகளில் கணக்கு மூன்று நிதிகளாகப் பிரிந்திருக்கும். வருவாய் மற்றும் மூலதன நிதி ஒன்று, குடிநீர் மற்றும் வடிகால் நிதி இன்னொன்று, தொடக்கக் கல்வி நிதி மூன்றாவது. நீங்கள் அரையாண்டுக்கு ஒரு தடவை கட்டும் சொத்து வரியிலிருந்தே குடிநீர்-வடிகாலுக்கென்று ஒரு பங்கு பிரிந்து அந்த நடுப்பெட்டிக்குப் போகிறது. அதற்கு மேல், வீட்டு இணைப்பு இருந்தால் குழாய்க் கட்டணம் தனி. அதாவது ஒரே தண்ணீருக்கு நீங்கள் இரண்டு வாசலில் பணம் கட்டுகிறீர்கள். ஒன்று வரி, மற்றொன்று கட்டணம்.

இரண்டும் ஒன்றுதானே என்று நினைக்காதீர்கள். வரிக்கும் கட்டணத்துக்கும் என்ன வித்தியாசம் என்று உச்ச நீதிமன்றம் 1954-ல் தெளிவாகச் சொல்லிவிட்டது. வேடிக்கை என்னவென்றால், அது தண்ணீர் வழக்கு இல்லை, மடத்து வழக்கு. அப்போது சென்னை மாநிலத்தில் இருந்த உடுப்பியின் சிரூர் மடத்துக்கும் அறநிலையத் துறைக்கும் நடந்தது. வரி என்றால் அரசு பொதுவாக வாங்குவது, அதற்கு ஈடாக உனக்கு இன்னது தருகிறேன் என்று சொல்ல வேண்டியதில்லை. கட்டணம் என்றால் ஒரு சேவை இருக்க வேண்டும், வாங்கிய பணம் அந்தச் சேவைக்கென்று ஒதுங்கி நிற்க வேண்டும். பிற்காலத் தீர்ப்புகள் இதை ஓரளவு தளர்த்தின என்பது உண்மைதான். ஆனாலும் அடிப்படை அப்படியே இருக்கிறது. ஐந்து நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவும் தினமும் வரும் தெருவும் ஒரே கட்டணம் கட்டினால், அதற்குப் பெயர் கட்டணமா வரியா என்று நான் தணிக்கைக் குறிப்பில் எழுதிக் கேட்டதுண்டு. பதில் வந்தது: "குறித்துக்கொள்ளப்பட்டது."

சரி, அந்த நடுப்பெட்டிக்குள் என்ன இருக்கிறது? வரவுப் பக்கத்தில் வரியின் பங்கு, குழாய்க் கட்டணம், புது இணைப்புக்கான டெபாசிட். செலவுப் பக்கத்தில் பெரிய தலைகள் மூன்று நான்குதான். கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் குடிநீர் வடிகால் வாரியத்திடம் மொத்தமாக வாங்கும் தண்ணீருக்கான பணம், மோட்டார் ஓடும் மின் கட்டணம், ஆட்களின் சம்பளம், வாங்கின கடனுக்கு வட்டி. குழாய் உடைப்பைச் சரிசெய்வதெல்லாம் இவற்றின் முன் சில்லறை. இதில் எதுவுமே உங்கள் கவுன்சிலர் கையில் இல்லை என்பதையும் கவனியுங்கள். மின் கட்டணத்தை ஓர் ஆணையம் நிர்ணயிக்கிறது, மொத்தத் தண்ணீர் விலையை வாரியம் நிர்ணயிக்கிறது, கடனை அரசு ஏற்பாடு செய்கிறது. நகராட்சிக்கு மிஞ்சுவது வீட்டுக் கதவைத் தட்டும் வேலை மட்டும்.

தணிக்கைக்குப் போனால் நாங்கள் முதலில் கேட்பது கேட்பு வசூல் நிலுவைப் பதிவேட்டை. ஆண்டுக்கு இவ்வளவு வர வேண்டும், இவ்வளவு வந்தது, இவ்வளவு பாக்கி. அதில் பாக்கிப் பத்தியை மேலோட்டமாகப் பார்த்தால் ஏழைத் தெருக்கள் கண்ணில் படும். பக்கத்தைப் புரட்டிக்கொண்டே போனால்தான் அரசு அலுவலகங்களும், கல்யாண மண்டபங்களும், யாரும் பெயர் சொல்லத் தயங்கும் சில பெரிய வீடுகளும் வரும். கட்டணத்தை உயர்த்துவதைவிட அந்தப் பக்கங்களை வசூலிப்பது சுலபம் என்று நான் எழுதியிருக்கிறேன். சுலபம் என்று எழுதியது என் தவறு.

இன்னொரு பதிவேடு உண்டு, எனக்கு மிகவும் பிடித்தது. பம்பிங் நிலையத்தில் இருக்கும் ஓட்ட நேரப் பதிவேடு. ஊர் பெயர் வேண்டாம். ஒரு நகராட்சியின் தலைமை நீரேற்று நிலையத்துக்கு ஒரு மே மாதம் போயிருந்தேன். கறுப்பு அட்டை போட்ட நீள நோட்டு. எண்ணெய்க் கறை, ஓரங்களில் விரல் ரேகை. உள்ளே பார்த்தால் மூன்று மாதமாகத் தினமும் பதினாறு மணி நேரம் மோட்டார் ஓடியிருக்கிறது. ஒரே கையெழுத்து, ஒரே நீல மை, ஒரே அழுத்தம். ஒரு தேதியைப் பார்த்ததும் எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அன்று மின்வாரியப் பராமரிப்புக்காகப் பகல் முழுக்க ஊரில் மின்சாரமே இல்லை. பத்திரிகையிலேயே அறிவிப்பு வந்திருந்தது. அன்றைக்கும் பதினாறு மணி! ஆபரேட்டரைக் கூப்பிட்டேன். அறுபதை நெருங்கும் மனிதர். மறைக்கவே இல்லை. "மேடம், மாசக் கடைசியில உட்கார்ந்து மொத்தமா எழுதுவேன். முப்பது வருஷமா இந்த நோட்டை யாரும் தொறந்ததில்ல. நீங்கதான் முதல் ஆளு" என்றார். அவரைக் கோபிக்க எனக்கு வாய் வரவில்லை. படிக்க ஆளில்லாத கடிதத்தை யார் பார்த்துப் பார்த்து எழுதுவார்கள்?

ஆனால் அந்த நோட்டிலிருந்துதான் "நாளொன்றுக்கு இத்தனை லட்சம் லிட்டர் வழங்கப்படுகிறது" என்ற எண் பிறக்கிறது. அந்த எண்ணிலிருந்துதான் ஆயிரம் லிட்டருக்கு ஆகும் செலவு கணக்கிடப்படுகிறது. அந்தச் செலவைக் காட்டித்தான் உங்கள் கட்டணம் ஏறுகிறது. நடுவில் குழாயில் ஒழுகிப் போகும் தண்ணீர், கணக்கில்லாத இணைப்புகளில் போகும் தண்ணீர் எல்லாம் அந்தப் பதினாறு மணிக்குள் அடக்கம்.

இனி யார் முடிவெடுக்கிறார்கள் என்பதற்கு வருகிறேன். தலைப்பும் அதைப் பற்றியதுதான்.

நகராட்சி மன்றத்துக்கு ஒரு பொருள் போனால், அலுவலகக் குறிப்பின் கடைசி வரி எப்போதும் ஒரே மாதிரி இருக்கும்: மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும் வைக்கப்படுகிறது. கீழே ஆணையரின் கையெழுத்து. பிறகு மன்றம் கூடித் தீர்மானம் போடும். எழுதுபவர் ஒருவர், முடிவெடுப்பவர் வேறொருவர். உள்ளாட்சி என்பதன் மொத்த சூட்சுமமும் அந்த இரண்டு பேருக்கு நடுவில் இருக்கும் இடைவெளியில்தான் இருக்கிறது.

2016 அக்டோபரில் தமிழ்நாட்டு உள்ளாட்சிகளின் பதவிக்காலம் முடிந்தது. அந்த மாதம் நடப்பதாக இருந்த தேர்தல் அறிவிப்பை உயர் நீதிமன்றம் ரத்து செய்தது. உடனே நடக்கும் என்றார்கள். ஊரகத் தேர்தல் 2019 டிசம்பரில், அதுவும் எல்லா மாவட்டத்திலும் இல்லை. நகர்ப்புறத் தேர்தல் 2022 பிப்ரவரி 19-ல். ஐந்து வருஷத்துக்கும் மேலாக, ஒரு முழுப் பதவிக்காலத்தையும் தாண்டி, நகரங்களில் மன்றமே இல்லை. பதவிக்காலம் முடியும் முன் தேர்தலை முடித்துவிட வேண்டும் என்று 1993-ல் நடைமுறைக்கு வந்த 74-ஆவது திருத்தம் சொல்கிறது. சொல்லிக்கொண்டே இருந்தது.

அந்த வருஷங்களில் ஆணையரையே தனி அலுவலராகப் போட்டார்கள். விளைவு என்ன தெரியுமா? ஆணையர் குறிப்பு எழுதுவார்: மன்றத்தின் பார்வைக்கும் முடிவுக்கும். மன்றம் இல்லை, அதன் அதிகாரம் தனி அலுவலரிடம். அவர் அதைப் பரிசீலித்து அனுமதி என்று எழுதுவார். இரண்டு கையெழுத்தும் ஒன்று, பேனாவும் ஒன்று. சில கோப்புகளில் மை காய்வதற்குள் பக்கம் புரட்டப்பட்டு, முதல் கையெழுத்து எதிர்ப்பக்கத்தில் தலைகீழாகப் பதிந்திருக்கும். அவர்களில் பலர் நேர்மையான, திறமையான அதிகாரிகள். அதில் எனக்குச் சந்தேகமில்லை. ஆனால் தனக்குத்தானே கேள்வி கேட்டுத் தானே பதில் சொல்லிக்கொள்வது எவ்வளவு நேர்மையான ஆளுக்கும் நல்லதல்ல.

இதில் எனக்கு உறுத்துவது ஒன்று உண்டு. நம் மாநிலத்தில் தண்ணீர் கைமாறிய பெரிய தருணங்களைப் பாருங்கள். சென்னையில் குடிநீர் வழங்கல் மாநகராட்சியின் பொறுப்பாகவே இருந்தது. 1978-ல் தனிச் சட்டம் போட்டு அதை மெட்ரோ வாட்டர் வாரியத்திடம் கொடுத்தார்கள். அப்போது சென்னை மாநகராட்சியில் மன்றம் இருந்ததா? இல்லை. மஸ்டர் ரோல் எனும் வருகைப் பதிவேட்டு ஊழலைக் காரணம் காட்டி 1973-ல் கலைக்கப்பட்ட மன்றம், மறுபடி 1996-ல்தான் வந்தது. இருபத்திமூன்று வருஷம்! ரிப்பன் கட்டடத்துக் கூட்ட அறை பூட்டிக் கிடந்தபோதுதான் அந்த நகரத்துத் தண்ணீர் மாநகராட்சியை விட்டுப் போனது. 1996-ல் திரும்பி வந்த கவுன்சிலர்கள் தெருவிளக்கைப் பற்றிப் பேசலாம், குப்பையைப் பற்றிப் பேசலாம். தண்ணீர் வரவில்லை என்று மக்கள் குடத்தோடு வந்தால் வாரியத்தின் பகுதி அலுவலகத்துக்குக் கை காட்டலாம். தனி வாரியம் அமைத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. பொறியியல் ரீதியாக அதற்கு நியாயம் இருந்தது. என் கேள்வி, அதை விவாதித்த கூட்டத்தின் நடவடிக்கைக் குறிப்பு எங்கே என்பதுதான்.

அடுத்தது கோயம்புத்தூர். அந்த ஊர்க்காரர்கள் இங்கே சிலர் இருக்கிறீர்கள், சிறுவாணித் தண்ணீரைப் பற்றி நான் வர்ணிக்கப் போனால் நீங்கள் நிறுத்தவே விடமாட்டீர்கள். அந்த ஊரில் ஆர்.எஸ்.புரம் என்று ஒரு பகுதி. ரத்தினசபாபதிபுரம் என்பதன் சுருக்கம். நகராட்சித் தலைவராக இருந்த சி.எஸ்.ரத்தினசபாபதி முதலியாரின் பெயர். சிறுவாணியை ஊருக்குக் கொண்டுவந்தவர் என்று இன்றைக்கும் சொல்கிறார்கள். நன்றி சொல்வதென்றாலும் திட்டுவதென்றாலும் ஓர் ஆள் இருந்தார்.

அதே ஊரில் 2018-ல் அறுபது வார்டுகளுக்கு இருபத்திநாலு மணி நேரமும் தண்ணீர் தரும் திட்டத்துக்காக, பிரெஞ்சு நிறுவனமான சூயஸோடு மாநகராட்சி ஒப்பந்தம் போட்டது. மூவாயிரம் கோடி ரூபாய்க்கு மேல். காலம் இருபத்தாறு வருஷம். தண்ணீரைத் தனியாரிடம் விற்றுவிட்டார்கள் என்று எதிர்ப்பு கிளம்பியது. கட்டணத்தை நிர்ணயிக்கும் அதிகாரம் மாநகராட்சியிடமே இருக்கிறது, நிறுவனத்திடம் இல்லை என்று விளக்கம் தந்தார்கள். அந்த விளக்கத்தை அப்படியே ஏற்றுக்கொள்வோம். மாநகராட்சி என்றால் யார்? அந்த 2018-ல் அந்த மாநகராட்சிக்கு மேயர் இல்லை, ஒரு கவுன்சிலர்கூட இல்லை. இருபத்தாறு வருஷம் என்பது ஐந்து மன்றங்களின் ஆயுள். இனி வரப்போகும் ஐந்து மன்றங்களையும் கட்டும் காகிதத்தில் கையெழுத்தாகும்போது, ஒரு மன்றம்கூட உயிரோடு இல்லை. திட்டம் நல்லதா கெட்டதா என்று கட்சிகள் சண்டை போட்டுக்கொண்டன. ஆட்சி மாறியது, திட்டம் தொடர்கிறது. நான் சொன்னதைப் பற்றிப் பேச ஆள் குறைவு.

இது நம் ஊர் நோய் மட்டும் என்று நினைக்க வேண்டாம். அமெரிக்காவில் மிச்சிகன் மாநிலத்தில் ஃபிளின்ட் என்று ஒரு நகரம், இந்தக் கதை நடந்தபோது ஒரு லட்சம் பேர் இருந்தார்கள். கார்த் தொழிற்சாலைகள் போன பிறகு நகராட்சி கடனில் விழுந்தது. மாநில அரசு 2011-ல் அவசர மேலாளர் என்று ஒருவரை நியமித்தது. நம் தனி அலுவலர்தான், பெயர் மட்டும் வேறு. மன்றம் இருந்தது, அதிகாரம் இல்லை. அப்படி மேலாளர்களை நியமிக்கும் சட்டத்தை மிச்சிகன் மக்கள் 2012 நவம்பரில் வாக்களித்து நீக்கினார்கள். டிசம்பரில் சட்டமன்றம் வேறு பெயரில் அதையே திரும்பக் கொண்டுவந்தது. அந்த வேகத்தைப் பாராட்டத்தான் வேண்டும்.

செலவைக் குறைக்க, 2014 ஏப்ரலில் டெட்ராய்ட் தண்ணீரை நிறுத்திவிட்டு ஃபிளின்ட் ஆற்றுத் தண்ணீருக்கு மாறினார்கள். குழாய் அரிக்காமல் இருக்கச் சேர்க்க வேண்டிய மருந்தைச் சேர்க்கவில்லை. பழைய குழாய்களிலிருந்து ஈயம் கரைந்து வீட்டுக் குவளைக்கு வந்தது. அந்த அக்டோபரிலேயே, இந்தத் தண்ணீர் இயந்திர பாகங்களைத் துருப்பிடிக்க வைக்கிறது என்று ஜெனரல் மோட்டார்ஸ் ஆலை வேறு தண்ணீருக்கு மாறிக்கொண்டது. இரும்பு தாங்காத தண்ணீரைக் குழந்தைகள் இன்னும் ஒரு வருஷம் குடித்தார்கள். 2015 மார்ச்சில் நகர மன்றம் பழைய தண்ணீருக்கே திரும்ப வேண்டும் என்று ஏழுக்கு ஒன்று என்று வாக்களித்தது. அவசர மேலாளர் செலவு அதிகம் என்று மறுத்துவிட்டார். இத்தனைக்கும் அந்தத் தண்ணீருக்கு ஃபிளின்ட் வீடுகள் கட்டிய கட்டணம் அமெரிக்காவிலேயே மிக அதிகமானவற்றில் ஒன்று. அங்கேயும் சேர்த்துத்தான் பாருங்கள்: விலையும் ஏறியது, கேட்கும் வாயும் அடைக்கப்பட்டது. இரண்டும் ஒரே காலத்தில் நடந்தன.

"அம்மா, மன்றம் இருந்தால் மட்டும் என்ன கிழித்துவிடுவார்கள்?" என்று உங்களில் யாராவது கேட்க வேண்டும். நியாயமான கேள்வி. அதையும் சொல்கிறேன். 2022 மார்ச் 2-ஆம் தேதி புது கவுன்சிலர்கள் பதவியேற்றார்கள். மாலை வாடுவதற்குள், ஏப்ரல் 1-ஆம் தேதி அரசு சொத்து வரி உயர்வை அறிவித்தது. சென்னையின் பழைய பகுதிகளைத் தவிர மற்ற நகரங்களில் வீடுகளுக்குப் பரப்பளவைப் பொறுத்து 25 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை. வரியை ஒழுங்காக உயர்த்தினால்தான் மானியம் என்று பதினைந்தாவது நிதிக் குழு நிபந்தனை வைத்திருந்தது. டெல்லி சொன்னது, கோட்டை ஆணையிட்டது, மன்றங்கள் கை தூக்கின. ஆட்சேபணை இருந்தால் எழுதித் தரலாம் என்று பத்திரிகையின் எட்டாம் பக்க மூலையில், கண்ணாடி போட்டாலும் தெரியாத எழுத்தில் ஓர் அறிவிப்பு வந்தது. எழுதித் தந்தவர்கள் கை தூக்குங்கள் பார்ப்போம். ஒருவருமில்லை. நானும் தரவில்லை.

ஓய்வு பெற்ற பிறகு ஒரு நகராட்சிக் கூட்டத்தைப் பார்வையாளர் வரிசையில் உட்கார்ந்து பார்த்தேன். பொருள் பட்டியல் தலையணை மொத்தம். எழுத்தர் பொருள் எண்ணை வாசிக்க வாசிக்க "ஆல் பாஸ்" என்று ஒரு குரல். குழாய்க் கட்டணம் பற்றிய பொருள் எப்போது வந்தது எப்போது போனது என்று கவனிப்பதற்குள் போண்டா வந்துவிட்டது. இங்கே மூன்றாவது வரிசையில் ஒருவர் சிரிக்கிறார். அவருக்குத் தெரியும்.

ஆனாலும் மன்றம் வேண்டும் என்கிறேன். ஏனென்றால் ஆல் பாஸ் சொன்னவரின் வீடு எங்கே என்று உங்களுக்குத் தெரியும். பால் வாங்கப் போகும்போது அவரைப் பார்ப்பீர்கள். தனி அலுவலருக்கு வீடு வேறு ஊரில், அடுத்த மாற்றல் உத்தரவு வேறு மாவட்டத்துக்கு. கிராமத்தில் கிராம சபை இருக்கிறது. உலகத் தண்ணீர் தினமான மார்ச் 22-லும் இப்போது அது கூடுகிறது. நகரத்துக்கு வார்டு குழுவும் பகுதி சபையும் 2022-ல்தான் விதிகளில் வந்தன. நவம்பர் 1 உள்ளாட்சி தினத்தன்று முதல் முறை கூடினபோது நான் போனேன். நாற்காலிகள் பாதி காலி. ஓர் அம்மா எழுந்து, "எங்க தெருவுக்கு வாரத்துல எத்தனை மணி நேரம் தண்ணி விடறதா உங்க நோட்டுல எழுதியிருக்கு, அதை மட்டும் படிச்சுச் சொல்லுங்க" என்றார். கட்டணத்தைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. உதவிப் பொறியாளர் கைக்குட்டையை எடுத்து நெற்றியைத் துடைத்துக்கொண்டார். அடுத்த கூட்டத்துக்குக் கொண்டுவருவதாகச் சொன்னார். கொண்டும் வந்தார். தெருப் பெயர்களோடு ஒரு தாள். அதில் எழுதியிருந்ததற்கும் வந்த தண்ணீருக்கும் பொருத்தமில்லை என்று அந்த அம்மா தன் காலண்டரைக் காட்டினார். தினசரி கிழிக்கும் சீட்டுகளைக் கிழிக்காமல் மடித்து மடித்து வைத்து, தண்ணீர் வந்த நேரத்தைக் கரிக்கோட்டில் குறித்திருந்தார். முப்பது வருஷத் தணிக்கையில் நான் பார்த்த ஒழுங்கான பதிவேடுகளில் அது ஒன்று.

அந்தத் தெருவின் வால்வு நேரம் மாறியது. கட்டணம் மாறவில்லை. அவ்வளவுதான் நடந்தது, பெரிதாக்கிச் சொல்ல ஒன்றுமில்லை.

ஊரகத்தில் பெரும்பாலான மாவட்டங்களில் 2025 ஜனவரியோடு பதவிக்காலம் முடிந்து மறுபடியும் தனி அலுவலர்கள் வந்துவிட்டார்கள். இப்போதைய நகர மன்றங்களுக்கு 2027 மார்ச்சில் ஐந்து வருஷம் நிறைகிறது. அதற்குள் குடிநீர் வடிகால் நிதியின் ஆண்டுக் கணக்கு, தணிக்கை அறிக்கையில் அதைப் பற்றி வந்த பத்திகள், நீரேற்று நிலையத்து நோட்டு, இந்த மூன்றையும் கேட்டு வாங்குங்கள். கேட்டால் தர வேண்டும். தராவிட்டால் பத்து ரூபாய் கட்டித் தகவல் உரிமையில் கேளுங்கள். பூட்டிய அறையின் முன்னால் நின்று கேட்பதைவிடத் திறந்திருக்கும்போது கேட்பது எளிது.

டீ வந்துவிட்டது போலிருக்கிறது, வாசனை வருகிறது. கேள்வி நேரம் என்று நிகழ்ச்சி நிரலில் போட்டிருக்கிறார்கள். என்னைக் கேட்டுப் பயனில்லை, நான் ஓய்வு பெற்றவள். மூன்றாவது வரிசையில் சிரித்தாரே, நீலச் சட்டை, அவர்தான் இந்த வார்டின் கவுன்சிலர். மைக்கை அவரிடம் கொடுங்கள்.